விளக்கெண்ணெயும் வரவேற்பு விருத்தமும்

எங்கள் தலைமையாசிரியர் விளக்கெண்ணெய் என்ற சொல்லை ஒரே பொருளில்தான் பயன்படுத்துவார். மெதுவாக நடப்பவன், மெதுவாகப் பேசுபவன், கேட்ட கேள்விக்குக் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்பவன் எல்லோரும் அவருக்கு விளக்கெண்ணெய்கள். நான் அந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பட்டம் எனக்கும் கிடைத்தது. விளக்கெண்ணெய் எந்த நாளும் மெதுவாகத்தான் இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையால் ஒரு பங்குனி மதியம் பள்ளியின் விஞ்ஞானப் பிரிவும் என் வேலையும் சேர்ந்து ஒரு கண்ணாடி ஜாடிக்குள் மாட்டிக்கொண்டன.

ஆய்வகச் சாவியைப் புதிதாகக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. எந்தக் கருவியை முதலில் வாங்குவது, எதை எந்த அலமாரியில் வைப்பது என்று கேட்டீர்கள். அதற்கெல்லாம் கையேடு இருக்கிறது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சோதனை வேறு மாதிரி நடந்துகொண்டால் உங்கள் கண் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் எந்தக் கையேட்டிலும் இல்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. செங்கற்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகும் சாலையில் இருந்தது எங்கள் உயர்நிலைப்பள்ளி. சென்னையில் ஒரு பத்திரிகை அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த நான், அந்த வேலையை விட்டுவிட்டு அங்கே விஞ்ஞான ஆசிரியனாக வந்தேன். வேலை தற்காலிகம். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் விஞ்ஞானப் பிரிவு தொடங்க அனுமதி கேட்டுப் பள்ளி விண்ணப்பித்திருந்தது. கல்வி அதிகாரி நேரில் வந்து ஆய்வகத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்தால் அனுமதி வரும், என் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் ஆண்டுத் தேர்வோடு நான் மூட்டை கட்ட வேண்டும். அச்சகத்தில் என் நாற்காலியில் அதற்குள் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். அவர் என்னைவிட நன்றாகப் பிழை பார்க்கிறார் என்றும் தகவல் வந்திருந்தது.

அதிகாரிக்குக் காட்ட நான் தேர்ந்தெடுத்த சோதனை மிக எளியது. உயரமான கண்ணாடி ஜாடி நிறைய எண்ணெய். அதில் சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் என்ற சிறிய இரும்புக் குண்டு ஒன்றைப் போட வேண்டும். தண்ணீரில் போட்டால் கண் சிமிட்டுவதற்குள் அடிக்குப் போய்விடும் குண்டு, கொழகொழப்பான எண்ணெயில் ஒரே சீரான வேகத்தில், மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் போல இறங்கும். ஒரு திரவம் தனக்குள் விழும் பொருளை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஏரித் தண்ணீரில் வண்டல் படிவதற்கும் இதே விதிதான் என்று சொல்லி, மதுராந்தகம் ஏரியில் பாடத்தை முடிப்பதாகத் திட்டம்.

விளக்கெண்ணெய் வேண்டும் என்று கேட்டேன். தலைமையாசிரியர் மறுத்துவிட்டார். பேதி மருந்தை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் நடத்த முடியாது என்பது அவர் கட்சி. தேங்காய் எண்ணெய் வந்து சேர்ந்தது. மார்கழி மாதம் ஒரு காலை, பிரார்த்தனைக்கு முன்பே அவர் சோதனையைப் பார்க்க வந்தார். இரவெல்லாம் கடற்காற்று வாங்கிய ஜாடியில் எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. குண்டைப் போட்டேன். நெற்றியில் வைத்த பொட்டு போல அது மேலேயே உட்கார்ந்துகொண்டது.

"ஏன்யா இறங்கல?" என்றார்.

"எண்ணெய் உறைஞ்சுபோச்சு சார்."

"கொஞ்சம் அதட்டிப் பாத்தீரா?"

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பள்ளியில் மற்ற எல்லாமே அப்படித்தான் அவருக்கு இறங்கிவந்தன. எண்ணெய்க்குக் காலநிலை தெரியும் என்பதை அந்த ஜாடி அன்றைக்கே எங்களுக்குச் சொல்லிவிட்டது. அவர் அதைத் தேங்காய் எண்ணெயின் தனிப்பட்ட ஒழுங்கீனமாக எடுத்துக்கொண்டு, விளக்கெண்ணெய்க்குச் சம்மதித்தார். டின்னைத் திறந்தபோது வகுப்பில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மாதம் ஒருமுறை வீட்டில் மூக்கைப் பிடித்து ஊற்றப்பட்டவர்கள் அவர்கள்.

இந்த இடத்தில் தமிழ்ப் பண்டிதர் வருகிறார். அதிகாரியை வரவேற்க நான்கு அடியில் ஒரு விருத்தம் எழுதும்படி தலைமையாசிரியர் அவரிடம் சொல்லியிருந்தார். எங்கள் ஆய்வகத்தில் நேரம் பார்க்கும் கடிகாரம் கிடையாது. இருந்த ஒரே வெப்பமானியும் எனக்கு முந்தைய ஆசிரியர் காலத்தில் உடைந்துவிட்டது. கடிகாரம் இல்லாத குறையை நிறையாக மாற்றத் தலைமையாசிரியர் ஒரு வழி கண்டுபிடித்தார். நான் குண்டைப் போடும்போது ஐந்தாம் பார மாணவர்கள் விருத்தத்தைத் தொடங்க வேண்டும். குண்டு அடியைத் தொடும் கணத்தில் மணி அடிக்க வேண்டும். அந்த மணியும் விருத்தத்தின் கடைசிச் சொல்லான "வருகவே" என்பதும் ஒன்றாக விழ வேண்டும். விஞ்ஞானமும் தமிழும் கைகோத்து அதிகாரியை வரவேற்கும்.

"என் விருத்தத்துக்குச் சைக்கிள் குண்டு தாளம் போடணுமா?" என்று பண்டிதர் கேட்டார். இரண்டு நாள் ஆய்வகப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு காலை ஒத்திகை பார்த்தவர், குண்டு தன்னுடைய சீர்களுக்கு ஏற்ப நிதானமாக இறங்குவதைக் கண்டு மனம் மாறினார். பாடகர்களைவிடக் குண்டுக்கு லயம் அதிகம் என்றார்.

மணி அடிக்க அஞ்சலை என்ற மாணவியைத் தேர்ந்தெடுத்தோம். பக்கத்துக் கிராமத்தில் பயிர்வைக்கும் குடும்பத்துப் பெண். பார்க்கச் சொன்ன இடத்தைத் தவிர வேறெங்கும் பார்க்காதவள். தலைமையாசிரியர் மேசை மீதிருந்த பித்தளை மணியை அவளிடம் கொடுத்தோம். வகுப்புக்கு அவர் விதித்த விதி ஒன்றுதான். மணி அடித்தால் வாயை மூட வேண்டும், மணி அடிக்கும்வரை மூடக் கூடாது.

மார்கழியிலும் தையிலும் காலை நேரத்தில் ஒத்திகை நடந்தது. ஒரு நாள்கூடப் பிசகவில்லை. "வருகவே" என்பார்கள், மணி விழும். அதிகாரியின் வருகைதான் பிசகியது. தையில் வருவதாக இருந்தவர் மாசிக்குத் தள்ளினார், மாசியிலிருந்து பங்குனிக்குத் தள்ளினார். பாடம் ஏறிவிட்டது என்று ஒத்திகையை நிறுத்தியிருந்தோம்.

கடைசியில் அவர் வருவதாகச் சொன்ன பங்குனிக் காலையில் பள்ளியே வாசலில் நின்றது. ஜீப் வரவில்லை. பேருந்துதான் வந்தது. அதன் நடத்துநர் வண்டியை நிறுத்தச் சொல்லி, படியில் தொங்கியபடி தலைமையாசிரியரிடம் செய்தி சொன்னார்.

"உங்க ஆபீசரு ஜீப்பு மகாபலிபுரம் பக்கம் போய்கினு கீது சார். உள்ள ரெண்டு பொம்பளைங்கோ, ஒரு தூக்குச் சட்டி. கல்லுங்கள பாத்துட்டு நாஸ்தா துன்னுட்டுதான் வருவாரு."

அதிகாரி மனைவியையும் மைத்துனியையும் அழைத்துக்கொண்டு முதலில் சிற்பங்களைப் பார்க்கப் போயிருந்தார். மதியத்துக்கு மேல்தான் வருவார். வகுப்பைச் சும்மா வைத்திருக்க வேண்டாம் என்று உச்சி வெயிலில் ஒருமுறை ஒத்திகை பார்க்கச் சொன்னார் தலைமையாசிரியர். எங்கள் ஆய்வகத்துக்குத் தகரக் கூரை. ஜாடியைத் தொட்டபோதே கை சூட்டை உணர்ந்தது. குண்டைப் போட்டேன். விருத்தத்தின் இரண்டாம் அடி, "அறியாமை இருளகற்ற வந்துதித்த அருட்கதிரே" என்று போகும். வகுப்பு "அறியாமை" என்று சொன்னதும் மணி அடித்தது. பழக்கியபடி எல்லோரும் வாயை மூடினார்கள்.

கல்வி அதிகாரியை நோக்கி ஒரு வகுப்பே எழுந்து நின்று "அறியாமை" என்று சொல்லிவிட்டு மௌனமாவது எப்படி இருக்கும் என்பதைத் தலைமையாசிரியர் முகத்தில் பார்த்தேன்.

"ஏம்மா, உனக்கென்ன அவசரம்?" என்று அஞ்சலையிடம் சீறினார்.

"குண்டு வந்துட்ச்சி சார். நான் இன்னா பண்றது?"

மறுபடி போட்டோம். மறுபடியும் "அறியாமை". வெயிலில் விளக்கெண்ணெய் இளகிவிடும், தடுப்பது குறைந்துவிடும், குண்டு வேகமாக இறங்கும் என்று நான் விளக்கினேன். விளக்கெண்ணெய் வேகமாவதாவது என்று அவர் நம்ப மறுத்தார். தன் வாழ்நாள் அகராதியையே நான் திருத்துவதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். விருத்தத்தில் அந்தச் சொல்லை மாற்ற முடியுமா என்று பண்டிதரைக் கேட்டார். எதுகை போய்விடும் என்றார் பண்டிதர். வேகமாகவாவது பாடலாமா என்றதற்கு, அது வரவேற்பாக இருக்காது, ஏலமாக இருக்கும் என்றார். பாட்டைத் தனியாக வைத்துக்கொள்வோம், சோதனையைத் தனியாகக் காட்டுவோம், காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வித்தியாசமே நல்ல பாடம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

"ஐஸ்" என்றார் தலைமையாசிரியர்.

பேருந்து நிறுத்தத்து சோடாக் கடைக்கு என்னை அனுப்பினார். கடைக்காரர் மரத்தூளுக்குள்ளிருந்து கட்டியை எடுத்துக்கொண்டே, "இன்னா வாத்யாரே, ஆபீசருக்குக் கலரு குடுக்கவா?" என்று கேட்டார். ஜாடிக்கு என்றேன். "ஜாடிக்கு இன்னா, ஜுரமா?" என்றார். ஒரு வகையில் அது சரியான நோயறிதல்தான்.

இரும்பு வாளியில் ஐஸை உடைத்துப் போட்டு ஜாடியை அதில் இறக்கினோம். வாளி ஜாடியின் பாதி உயரம்தான். மேல் பாதி வெயிலிலும் கீழ்ப்பாதி ஐஸிலும் இருக்கிறது, ஒரு கம்பியால் கலக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. தலைமையாசிரியர் ஜாடியின் அடியைத் தொட்டுப் பார்த்தார். மார்கழி வந்துவிட்டது என்று திருப்தியோடு சொல்லி, துண்டால் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார்.

அதிகாரி நெடிய மனிதர். செருப்பில் கடற்கரை மணல். முகம் வெயிலில் கன்றியிருந்தது. பெண்கள் இருவரும் வேப்பமரத்தடியில் ஜீப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் சென்னை போய்ச் சேர வேண்டும் என்றும், சுருக்கமாகக் காட்டினால் போதும் என்றும் சொல்லி, முன்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

குண்டைப் போட்டேன். வகுப்பு பாடத் தொடங்கியது.

மேல் பாதியில் குண்டு மதிய வேகத்தில் இறங்கியது. தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். ஜாடியின் நடுவை எட்டியதும் அது கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவனைப் போல நின்று நிதானித்தது. அதற்குப் பிறகு அது இறங்குகிறதா இல்லையா என்பதே சந்தேகமாக இருந்தது. "அறியாமை" ஆபத்தில்லாமல் கடந்து போனது. மூன்றாம் அடி போனது. நான்காம் அடி போனது. "வருகவே" என்று முடித்தார்கள். அதிகாரி எழுந்து கைகூப்பினார்.

மணி அடிக்கவில்லை. அஞ்சலை ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாணவர்கள் பண்டிதரைப் பார்த்தார்கள், பண்டிதர் தலைமையாசிரியரைப் பார்த்தார். விதி விதிதான். வகுப்பு முதலடியிலிருந்து மறுபடி தொடங்கியது. பாதி உட்கார்ந்துவிட்ட அதிகாரி மறுபடி எழுந்தார்.

இரண்டாம் முறையும் "வருகவே" வந்தது. மணி வரவில்லை. அதிகாரி கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மூன்றாம் முறை தொடங்கியது. பண்டிதர் தன் விருத்தம் இத்தனை தடவை கேட்கப்படுவதில் நெகிழ்ந்து, தொடையில் தாளம் போடத் தொடங்கினார். மைத்துனி ஜீப்பிலிருந்து இறங்கிவந்து சன்னலில் எட்டிப் பார்த்தார். உள்ளே பஜனையா என்று அவர் அக்காவிடம் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

மூன்றாம் முறை இரண்டாம் அடியில், "அறியாமை" என்ற சொல்லின்மேல் மணி விழுந்தது.

வகுப்பு வாயை மூடியது. அறையில் அந்தச் சொல் மட்டும் நின்றது.

அதிகாரி கையைக் கீழே இறக்கினார். "யாரோட அறியாமை?" என்று கேட்டார்.

அவர் ஜாடியைச் சுட்டினார். "அது கிடக்கட்டும். குண்டு பாதி வழியில ஏன் தயங்கிச்சு?"

"எண்ணெய் பழசு சார்" என்றார் தலைமையாசிரியர், கேள்வி முடிவதற்கு முன்பே. பிறகு என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பார்வை. பழைய எண்ணெய் யாருக்கும் கெடுதல் இல்லாத காரணம். புதிது வாங்கச் சொல்லிவிட்டு அதிகாரி போய்விடுவார். என் நிரந்தர வேலைக்கு அதிகாரி அனுமதித்தால் மட்டும் போதாது, தலைமையாசிரியரும் சிபாரிசு செய்ய வேண்டும். இருவரில் ஒருவரை அந்த நிமிடம் நான் இழக்கப்போகிறேன் என்று தோன்றியது.

அச்சகத்தில் ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது ஒன்றுண்டு. எழுத்துக் கோப்பவருக்கும் பத்திரிகை ஆசிரியருக்கும் சண்டை வந்தால் இருவர் முகத்தையும் பார்க்காதே, மூலப்பிரதியைப் பார். நான் ஜாடியைப் பார்த்தேன். துண்டால் துடைத்திருந்த கண்ணாடியின் கீழ்ப்பாதி மறுபடி வேர்த்திருந்தது. மேல் பாதி காய்ந்து பளபளத்தது. இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தது போல ஓர் எல்லை. குண்டு தயங்கிய இடம் அதுதான்.

"தொட்டுப் பாருங்க சார்" என்றேன்.

அவருக்கு முன்னால் அஞ்சலை தொட்டுவிட்டாள். இரண்டு கையாலும் தொட்டாள். "மேல சுடுது சார். கீழ ஜில்லுனு கீது. ஜில்லு வந்த எடத்துலதான் குண்டு மெதுவா பூட்ச்சி."

"ஏன் ஜில்லுனு இருக்கு?" என்று அதிகாரி கேட்டார். அவள் தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டு, மணியைப் பார்த்தாள்.

"ஐஸ் வெச்சோம் சார்" என்றேன். "வெயில்ல எண்ணெய் இளகிப்போச்சு. பாட்டு முடியறதுக்குள்ள குண்டு விழுந்துடுது."

அதிகாரி முன்னால் வந்து ஜாடியின் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. இன்னொரு குண்டைப் போடச் சொன்னார், பாட்டில்லாமல். குனிந்து, கண்ணாடிக்கு மூக்கு படும்படி நின்று பார்த்தார். எல்லையில் குண்டு தயங்கியதும் "ம்" என்றார். பிறகு வகுப்பைப் பார்த்து, விளக்கெண்ணெய் என்றால் மெதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோமே, அப்படி யார் சொன்னது என்று கேட்டார். பாடம் நடத்துகிறவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. பதில் எதிர்பார்க்கப்படவில்லை.

"எங்க எட்மாஸ்டரு சார்" என்றாள் அஞ்சலை.

தலைமையாசிரியர் மேசைமேல் இருந்த துண்டை எடுத்து ஜாடியை அக்கறையாகத் துடைத்தார்.

அதிகாரி வாளியைக் காட்டி, ஐஸ் மீதி இருக்கிறதா என்று விசாரித்தார். இருந்தது. நன்னாரி சர்பத் தயாராகி வேப்பமரத்தடிக்குப் போனது. மைத்துனி இரண்டு டம்ளர் குடித்தார். புறப்படும்போது அதிகாரி ஆய்வகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு பண்டிதரைக் கூப்பிட்டு, "பாட்டு நல்லாருக்கு. ஒரு தடவை போதும்" என்றார்.

அன்றிரவு தலைமையாசிரியர் என்னை வேலையிலிருந்து நீக்குவார் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் காலை கூப்பிட்டனுப்பினார். நின்றேன். வெகு நேரம் மேசைமீது எதையோ தேடினார். பிறகு, "மேல வெயில், கீழ ஐஸுன்னு ஒரே ஜாடியில ரெண்டு காலத்தையும் காட்டினது என் யோசனைதான்னு ஊர்ல பேசிக்கறாங்க. நீர் மறுக்க வேண்டாம்" என்றார். நான் மறுக்கவில்லை. ஐஸ் அவர் யோசனைதானே. கோடை விடுமுறை முடிவதற்குள் அனுமதி வந்தது, சிபாரிசும் வந்தது. நான் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான். சோதனை தவறாகப் போவதில்லை. அது இருக்கும் நிலைமையைச் சொல்கிறது. பார்க்க வந்தவர் முகத்திலிருந்து கண்ணை எடுத்து ஜாடியைப் பார்த்தால், என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆண்டுதோறும் அந்தச் சோதனையைச் செய்தோம். பங்குனி பிறந்துவிட்டால் தலைமையாசிரியர் யாரையும் விளக்கெண்ணெய் என்று திட்டுவதில்லை. மார்கழி வரை பொறுத்திருந்து மொத்தமாகத் திட்டுவார். ஆய்வகத்துக்குப் புதிய வெப்பமானி வரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை யாராவது இன்றைக்கு வெயில் எப்படி என்று கேட்டால், ஐந்தாம் பாரத்தார் ஒரு குண்டைப் போட்டு விருத்தத்தைப் பாடிப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள்:

"அறியாமை வரைக்கும் சார்."